பார்க் அவென்யூவின் கார் வியாபாரி

தொழிற்சாலைக்கே யோசனை சொன்ன மாக்ஸ் ஹாப்மனின் கதை

1950-களில் அமெரிக்காவில் புரட்டாசி, ஐப்பசி மாதங்கள் வந்துவிட்டால் மோட்டார் கார் கடைகளில் ஒரே பரபரப்பு. கடையின் கண்ணாடி ஜன்னல்களைக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுவார்கள். உள்ளே அடுத்த ஆண்டுக்கான புது மாடல் நிற்கும். குறித்த நாளில் காகிதம் விலகியதும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து பார்ப்பார்கள். நம் ஊரில் தீபாவளிக்குப் புதுப் படம் வெளியாவது போல அங்கே அது ஒரு திருவிழா. வாங்க வந்தவர் சிலர். வேடிக்கை பார்க்க வந்தவர் பலர். வேடிக்கை பார்க்க வந்தவரையும் வாங்க வைப்பதுதான் விற்பனையாளரின் சாமர்த்தியம்.

அந்தக் காலத்துக் கார் வியாபாரிகளில் தனி ரகம் மாக்ஸ் ஹாப்மன். மற்றவர்கள் தொழிற்சாலை அனுப்பிய காரை விற்றார்கள். அவரோ தம்முடைய வாடிக்கைக்காரர்களுக்கு எந்தக் கார் பிடிக்கும் என்று தொழிற்சாலைக்கே எடுத்துச் சொல்லி, அதைச் செய்ய வைத்து விற்றார். உலகெங்கும் ரசிகர்கள் இன்றும் போற்றும் ஐரோப்பியக் கார்கள் சில, அவர் கேட்டதால் பிறந்தவை.

அகதியாக வந்தவர்

ஹாப்மன் 1904-ல் வியன்னா நகரில் பிறந்தார். வாலிபத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம், கார் பந்தயம் என்று ஓடியவர், பிறகு வியாபாரத்தில் இறங்கினார். வெளிநாட்டுக் கார்களை வரவழைத்து வியன்னாவில் விற்றார். 1938-ல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஹாப்மனின் தந்தை யூதர். ஆகவே தொழிலையும் ஊரையும் விட்டுப் பாரிஸுக்குத் தப்பிப் போனார். யுத்தம் அங்கும் துரத்தியது. 1941-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

அப்போது அவருக்கு வயது 36. அமெரிக்காவும் யுத்தத்தில் இறங்கவே, 1942-ன் தொடக்கத்தில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றுபோயிற்று. விற்பதற்குக் காரே இல்லாத நாட்டில் கார் வியாபாரி என்ன செய்வார்? பிளாஸ்டிக்கின் மேல் உலோகப் பூச்சுக் கொடுத்து, பெண்களுக்கான அலங்கார நகைகள் செய்து விற்றார். அதில் சேர்ந்த பணத்தைக் கொண்டு 1947-ல் நியூயார்க்கின் செல்வச் செழிப்புள்ள வீதியான பார்க் அவென்யூவில் கடை திறந்தார். கடையில் நின்றது ஒரே ஒரு கார். பிரெஞ்சு நாட்டு டெலாஹே!

ஐந்து கார் கணக்கு

அமெரிக்கச் சாலைகளில் அன்று ஓடியவை கப்பல் போன்ற கார்கள். சின்னதாய், வேகமாய், திருப்பங்களில் வளைந்து ஓடும் காருக்கும் அங்கே ஆள் இருக்கிறது என்று ஹாப்மன் கண்டுகொண்டார். பிரிட்டனிலிருந்து ஜாகுவார் கார்களை வரவழைத்தார். 1950-ல் ஜெர்மனியின் போர்ஷே கம்பெனியோடு பேசினார். அப்போது அது மிகச் சிறிய கம்பெனி. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஐந்து கார் விற்றாலே பெரிது என்று அதன் தலைவர் பெர்ரி போர்ஷே எண்ணியிருந்தார். வாரத்துக்கு ஐந்து கார் விற்க முடியாவிட்டால் தமக்கு அந்த வியாபாரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் ஹாப்மன்!

கார் நல்ல கார்தான்; விலைதான் எட்டவில்லை. 3,000 டாலருக்குள் ஒரு திறந்த கார் வேண்டும் என்று ஹாப்மன் வற்புறுத்தினார். முன்கண்ணாடியைத் தாழ்த்தினார்கள். பக்கக் கண்ணாடிகளை எடுத்துவிட்டுக் கழற்றி மாட்டும் திரை வைத்தார்கள். ஹீட்டர் வேண்டுமானால் தனிக் காசு. இப்படி 1954-ல் 2,995 டாலர் விலையில் வந்தது ஸ்பீட்ஸ்டர். கலிபோர்னியா இளைஞர்கள் அதில் வார நாட்களில் வேலைக்குப் போனார்கள். விடுமுறையில் அதையே பந்தயத்துக்கு ஓட்டினார்கள்.

மெர்ஸிடிஸ்-பென்ஸ் கம்பெனி 1952-ல் 300 எஸ்.எல். என்ற பந்தயக் காரைச் செய்து வெற்றிமேல் வெற்றி பெற்றது. அதைக் கடையில் விற்கும் உத்தேசம் கம்பெனிக்கு இல்லை. விற்பனைக்குச் செய்து கொடுங்கள், ஆயிரம் கார் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று முன்வந்தார் ஹாப்மன். எலும்புக்கூடு போன்ற அதன் குழாய்ச் சட்டம் பக்கங்களில் உயரமாக இருந்ததால், சாதாரணக் கதவு வைக்க வழியில்லை. ஆகவே கதவுகள் பறவைச் சிறகு போல மேல்நோக்கித் திறந்தன. அந்தக் கார் முதலில் காட்சிக்கு வைக்கப்பட்டது ஜெர்மனியில் அல்ல. 1954 பிப்ரவரியில் நியூயார்க்கில்! 1957 வரை செய்யப்பட்டவை 1,400. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்கே போயின.

சுழலும் மேடை

நல்ல சரக்குக்கு நல்ல கடை வேண்டாமா? அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட்டை ஹாப்மன் அமர்த்திக்கொண்டார். பார்க் அவென்யூ 430-ம் எண்ணில் 1955-ல் புதுக் கடை உருவாயிற்று. நடுவே சுழலும் மேடை. அதைச் சுற்றி வளைந்து ஏறும் சரிவுப் பாதை. மேடையில் கார்கள் மெல்லச் சுழன்றன. வீதியில் போகிறவர் நின்று பார்க்காமல் போக முடியாது. ரைட்டுக்குச் சேர வேண்டிய பணத்தில் ஒரு பகுதியை இரண்டு மெர்ஸிடிஸ் கார்களாகக் கொடுத்துக் கணக்கு முடித்தாராம் ஹாப்மன். வியாபாரி அல்லவா!

தப்பிய கணக்குகள்

ஆனால் அவருடைய கணக்கு எப்போதும் பலிக்கவில்லை. மலிவான பிரிட்டிஷ் கார்களுக்கும் விலையுயர்ந்த 300 எஸ்.எல்.லுக்கும் நடுவே, சுமார் 5,000 டாலரில் ஒரு கார் செய்யும்படி பி.எம்.டபிள்யூ. கம்பெனியைத் தூண்டினார். ஆல்பிரெக்ட் கோர்ட்ஸ் என்ற கலைஞரையும் அவரே சிபாரிசு செய்தார். 507 என்ற அந்தக் கார் கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் விலை ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்துவிட்டது. 250-ஐச் சற்றே தாண்டியதும் உற்பத்தி நின்றது. ஏற்கெனவே தள்ளாடிய கம்பெனிக்கு அது பெரும் நஷ்டம். 1959-ல் கம்பெனியே கைமாறிப் போகும் நிலைக்கு வந்து, மயிரிழையில் தப்பியது.

இன்னொன்று வோல்க்ஸ்வாகன். ஆமை வடிவச் சின்னக் கார். 1950-ல் அதன் அமெரிக்க ஏஜென்ஸி ஹாப்மன் கையில் இருந்தது. சரியாக விற்கவில்லை என்று 1953-ல் விட்டுவிட்டார். வோல்க்ஸ்வாகன் கம்பெனியோ உதிரி பாகங்களும் பழுது பார்க்கும் பட்டறையும் உள்ள கடைகளை ஊர் ஊராக ஏற்படுத்திற்று. 1968-ல் ஒரே ஆண்டில் அமெரிக்காவில் 5 லட்சத்துக்கு மேல் விற்றது! மனிதன் ஆசைப்படும் காரை ஹாப்மன் நன்றாக அறிந்திருந்தார். அன்றாடம் அவனுக்குத் தேவைப்படும் காரை அவர் அவ்வளவாக மதிக்கவில்லை.

1957-ல் மெர்ஸிடிஸ் ஏஜென்ஸியும் கைவிட்டுப் போயிற்று. ரைட் கட்டிய கடையும் அந்தக் கம்பெனியிடமே போய்ச் சேர்ந்தது. ஹாப்மன் சோர்ந்துவிடவில்லை. எந்தக் கம்பெனிக்குத் தம் யோசனையால் நஷ்டம் வந்ததோ, அதே பி.எம்.டபிள்யூ. கார்களை எடுத்து விற்றார். சின்னக் காரில் பெரிய எஞ்சினை வைக்கும்படி வாதாடி, 1968-ல் 2002 என்ற மாடல் வரக் காரணமானவர்களில் ஒருவரானார். அமெரிக்காவில் பி.எம்.டபிள்யூ.வின் பெயரை நிலைநாட்டியது அந்தக் கார்தான். 1975-ல் தம் வியாபார உரிமையை அந்தக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். 1981-ல் காலமானார்.

பார்க் அவென்யூ கடை அவருக்குப் பின்னும் பல்லாண்டுகள் நின்றது. அதைப் பாதுகாக்க வேண்டிய சின்னமாக அறிவிப்பது பற்றி நியூயார்க் நகர அதிகாரிகள் 2013-ல் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் கட்டடத்தின் சொந்தக்காரர்கள் இடிக்க அனுமதி பெற்று, சரிவுப் பாதையையும் மேடையையும் உடைத்தெறிந்துவிட்டார்கள்.

மேடை போயிற்று. அதில் ஏறிச் சுழன்ற 300 எஸ்.எல். கார்கள் இன்று ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலை போகின்றன. கணக்குத் தப்பிப்போன 507-ன் விலையோ அதையும் தாண்டிவிட்டது!