டென்னிஸ் அரசி சூசான் லெங்லென் அம்மையார்

உழைப்பிற்கேற்ற ஊதியம் பெறுதல் உலகத்தார் ஒப்புக்கொண்ட அறமாகும். நெசவாளி தாம் நெய்த துணிக்கு விலை கேட்பதையும், தச்சர் தாம் செய்த கட்டிலுக்குக் கூலி கேட்பதையும் எவரும் பழிப்பதில்லை. ஆனால், விளையாட்டுத் துறையிலே நெடுங்காலம் வேறொரு நீதி வழங்கிற்று. திறமையைக் காட்டலாம், கூட்டத்தைச் சேர்க்கலாம், அக்கூட்டம் தரும் நுழைவுக் கட்டணத்தில் மட்டும் ஆடியவர் பங்கு கேட்டல் ஆகாது. கேட்டவர் இழிந்தவராகக் கருதப்பட்டார். அந்த நீதியை எதிர்த்து நின்று, அதன்பொருட்டுத் தம் அரியணையையே இழந்தவர் பிரெஞ்சு நாட்டு வீராங்கனை சூசான் லெங்லென் அம்மையார். உழைப்பாளர் குடியிருப்பாக எழுந்த நம் மர்பி டவுனில், அன்னாரின் வரலாற்றை இம்மலர் வாயிலாக நினைவுகூர்வது மிகவும் பொருத்தமுடையதாகும்.

அம்மையார் 1899ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தையார் பெயர் சார்ல் லெங்லென். இளமையில் மெலிந்த உடலும் மூச்சிரைப்பு நோயும் உடையவராய் இருந்த மகளின் நலங்கருதி, 1910ஆம் ஆண்டில் தந்தையார் டென்னிஸ் மட்டை ஒன்றை வாங்கித் தந்தார். பொழுதுபோக்காகத் தொடங்கியது தவமாக மாறிற்று. களத்தின் மூலையில் கைக்குட்டையை விரித்து, அதன்மேலேயே பந்து விழுமாறு அடிக்கச் செய்து தந்தையார் பயிற்றினார் என்பர். ஆடவர் ஆடும் முறைகளையே மகளுக்கும் கற்பித்தார். பயனும் விரைவிலேயே விளைந்தது. பதினைந்து வயது நிறைந்த சில நாட்களிலேயே, 1914ஆம் ஆண்டில், உலகக் களிமண்தரைப் போட்டியில் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அவ்வாண்டே முதல் உலகப்போர் மூண்டது, பெரும்போட்டிகள் நின்றுபோயின.

போர் ஓய்ந்தபின், 1919ஆம் ஆண்டில், அம்மையார் முதன்முறையாக விம்பிள்டனுக்குச் சென்றார். இறுதியில் அவரை எதிர்த்தவர், ஏழு முறை வாகை சூடிய டாரத்தியா லாம்பர்ட் சேம்பர்ஸ் அம்மையார், வயது நாற்பது. இருபது வயது நங்கைக்கும் நாற்பது வயது வீராங்கனைக்கும் நடந்த அப்போர் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் முன்னிலையில் நிகழ்ந்தது. மூன்றாம் செட்டில் இரண்டு முறை, இன்னும் ஒரு புள்ளி இழந்தால் தோல்வி என்னும் நிலைக்கு லெங்லென் தள்ளப்பட்டார். இரண்டையும் கடந்து 10-8, 4-6, 9-7 என்னும் கணக்கில் வென்றார். கணுக்கால் மறைக்கும் பாவாடையும் இறுக்கிய கச்சும் அணிந்து மகளிர் ஆடிய காலம் அது. அம்மையாரோ கச்சை நீக்கி, கெண்டைக்கால் அளவே நீண்ட மெல்லாடை பூண்டு, நடனமாடுவார்போல் களமெங்கும் துள்ளித் திரிந்தார். முகஞ்சுளித்தவரும் உளர்; பின்னர் அவ்வுடையையே பின்பற்றினர் மகளிர் பலர்.

அதன்பின் ஏழாண்டுகள் அவருக்கு நிகரில்லை. 1919 முதல் 1923 வரையிலும் பின்னர் 1925இலுமாக விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை ஆறு முறை வென்றார். 1920ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்களைப் பெற்றார். 1925 விம்பிள்டன் ஒற்றையரில் அவர் எதிரிகளுக்கு விட்டுக்கொடுத்தவை ஐந்தே ஆட்டங்கள். 1921இல் அமெரிக்காவில் மோல்லா மல்லோரி அம்மையாருக்கு எதிராக உடல்நலமின்றி இடையில் விலகியது ஒன்றே போருக்குப்பின் அவர் கண்ட ஒற்றையர் தோல்வி. அவரைக் காணத் திரண்ட கூட்டத்திற்குப் பழைய விம்பிள்டன் மைதானம் போதவில்லை. 1922இல் போட்டி பெரியதோர் இடத்திற்கு மாறியது.

1926ஆம் ஆண்டு அவர் வாழ்வின் திருப்புமுனை. பிப்ரவரி 16ஆம் நாள் கான் நகரில், அமெரிக்காவின் இருபது வயது ஹெலன் வில்ஸ் அவரை எதிர்த்தார். வெற்றிப் புள்ளியை அடைந்துவிட்டதாக எண்ணி இருவரும் கைகுலுக்கிய பிறகு, பந்து களத்தின் உள்ளேயே விழுந்தது என்று எல்லைக் காவலர் அறிவித்தார். கைக்கெட்டிய வெற்றி நழுவிய நிலையிலும் அம்மையார் மனந்தளராது மீண்டும் ஆடி, 6-3, 8-6 என வென்றார். அவ்வாண்டு விம்பிள்டனில் ஆட்ட நேரம் பற்றி எழுந்த குழப்பத்தால் அரசி மேரி காத்திருக்க நேர்ந்தது. மக்கள் அம்மையாரைச் சினந்தனர். அவர் மனமுடைந்து போட்டியிலிருந்து விலகினார்.

விலகியவர் வேறொரு வழியைத் தேர்ந்தார். அமெரிக்கரான சி. சி. பைல் என்பவருடன் 50,000 டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டு தொழின்முறை ஆட்டக்காரரானார். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தம் ஆட்டத்தால் பிறர் பெரும்பொருள் ஈட்டினர் என்றும், தாமோ போட்டிகளில் சேரக் கட்டணம் செலுத்தியே வந்ததாகவும், அமெச்சூர் விதியால் செல்வர் வீட்டுப் பிள்ளைகளே ஆட முடிகிறது என்றும் அவர் எடுத்துரைத்தார். 1926 அக்டோபர் 9ஆம் நாள் நியூயார்க்கில் தொடங்கிய அப்பயணத்தில் மேரி பிரவுன் அம்மையாரை 38 முறை எதிர்த்து, 38 முறையும் வென்றார். எனினும், விம்பிள்டன் உள்ளிட்ட பெரும்போட்டிகளின் வாயில்கள் அவருக்கு அடைபட்டன. நேற்றுவரை அரசி எனப் போற்றியவர்களே கூலிக்கு ஆடுபவர் எனத் தூற்றினர். அப்பயணமும் 1927ஆம் ஆண்டிலேயே முடிவுற்றது. பிற்காலத்தில் அம்மையார் பாரிஸில் பயிற்சிப்பள்ளி நடத்தி இளையோர்க்கு ஆட்டம் கற்பித்தார். 1938 ஜூலை 4ஆம் நாள், கொடிய இரத்தசோகை நோயால், முப்பத்தொன்பதாம் வயதிலேயே மறைந்தார்.

அவர் கேட்ட நீதி, அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் கழித்தே கிட்டியது. 1968இல் பெரும்போட்டிகள் தொழின்முறை ஆட்டக்காரர்க்கும் திறக்கப்பட்டன. ஆயினும், அவ்வாண்டு விம்பிள்டனில் ஆடவர் வெற்றியாளர் பெற்றது 2,000 பவுன். மகளிர் வெற்றியாளர் பெற்றதோ 750 பவுன். இருபாலார்க்கும் சம பரிசு அங்கு வந்தது 2007இல்தான்.

நம் நாட்டிலும் வெள்ளையர் ஆண்ட நாளில் டென்னிஸ், தண்டுகளிலும் கழகங்களிலும் ஆடப்பட்ட செல்வர் விளையாட்டாகவே இருந்தது. களத்தைச் சமன் செய்வதும் பந்து பொறுக்குவதும் எளியவர் வேலையாயின. 1934இல் பம்பாய் மங்கை லீலா ராவ் விம்பிள்டனில் ஒரு சுற்று வென்று பெருமை சேர்த்தார். ஆட்டத்தால் வாழும் வழி அவருக்கு இல்லை. 1998இல் ஆஸ்திரேலியப் பெரும்போட்டியின் முதற்சுற்றில் வென்ற கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதனோ, டென்னிஸையே தொழிலாகக் கொண்டவர். அத்தமிழ்ப்பெண் நடந்த பாதையில் முதல் முள்ளை மிதித்தவர் லெங்லென் அம்மையார் என்றால் மிகையாகாது.

சினமும் பிடிவாதமும் அவரிடம் உண்டு. ஆயினும், திறமைக்கு விலை கேட்பது இழிவன்று, திறமையை விலையின்றிப் பறிப்பதே இழிவு என்பதைத் தம் வாழ்வால் உணர்த்தினார். இன்று பாரிஸ் ரோலாந்து காரோஸ் அரங்கின் இரண்டாம் பெருங்களம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. அங்கு மகளிர் ஒற்றையரில் வெல்பவர் ஏந்தும் கோப்பையும் அவர் பெயரதே. நம் பகுதிப் பெண்மக்களுள் விளையாட்டில் நாட்டமுடையோர்க்குப் பெற்றோர் துணைநிற்பார்களாக. அதனையே தொழிலாகக் கொள்ள விரும்பினும் தடை சொல்லாதிருப்பார்களாக. அதுவே அம்மையார்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.

வாழ்க அன்னார் புகழ்!