வெள்ளை மாளிகை சென்ற மூதறிஞர்

ஆண்டுவிழா மலரில் சான்றோர் ஒருவரின் வரலாறு இடம்பெறுதல் நல்ல மரபு. இம்முறை நாம் எடுத்துக்கொண்டது மூதறிஞர் ராஜாஜியின் வரலாறு. வேதாரண்யத்தில் உப்பெடுத்தவர், சென்னை மாகாணத்தை ஆண்டவர், இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்தவர், சக்கரவர்த்தித் திருமகனை எளிய தமிழில் எழுதியவர் என்பனவெல்லாம் நம்மில் பெரியோர் அறிந்தவையே. ஆயின், அவர் அமெரிக்கத் தலைவர்கள் இருவரிடம் அணுகுண்டின் தீமையை நேருக்கு நேர் எடுத்துரைத்தவர் என்பதனை அறிந்தோர் சிலரே. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அமெரிக்கத் தேர்தல் வரும்பொழுதெல்லாம் நம் இல்லத்துப் பிள்ளைகள் அந்நாட்டு ஆட்சிமுறை பற்றிப் பல கேள்விகள் கேட்கின்றனர். ராஜாஜியின் வரலாற்றோடு சேர்த்துச் சொன்னால் அவற்றுக்கான விடையும் எளிதில் விளங்கும் என்று கருதியே இதனை எழுதலுற்றோம்.

ராஜாஜி நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். நல்லேப்பிள்ளி அடங்கிய சித்தூர்ப் பகுதி அக்காலத்தில் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. அதனையடுத்த பாலக்காடோ மலபார் மாவட்டத்தில் அடங்கிச் சென்னை மாகாணத்தின் ஒரு கூறாக விளங்கிற்று. எனவே ராஜாஜி சென்னையில் ஆட்சி செலுத்திய 1937 முதல் 1939 வரையிலும், மீண்டும் 1952 முதல் 1954 வரையிலும் பாலக்காட்டு மக்களுக்கும் அவரே முதலமைச்சர். மலபாரில் ஆலயக் கதவுகள் அனைவருக்கும் திறக்க வழி வகுத்து 1938இல் இயற்றப்பட்ட ஆலயப் பிரவேசச் சட்டம் அவரது அமைச்சரவையின் காலத்ததே. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் அமைந்தபொழுதுதான் மலபார் சென்னையினின்றும் பிரிந்தது.

ராஜாஜி 1878 டிசம்பர் 10ஆம் நாள், அந்நாளைய சேலம் மாவட்டத்தில் ஓசூரையடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கிராம முன்சீப். பெங்களூரிலும் சென்னையிலும் பயின்று, சட்டம் கற்று, 1900ஆம் ஆண்டு முதல் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்திப் பெரும் பொருளீட்டினார். 1917இல் சேலம் நகரசபைத் தலைவரானார். காந்தியடிகளின் அழைப்பு வந்ததும் தொழிலைத் துறந்தார். 1930 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் வரை தொண்டர்களுடன் நடந்து சென்று, உப்புச் சட்டத்தை மீறிச் சிறை புகுந்தார்.

அவரது ஆட்சியில் நன்மையும் உண்டு, மனக்கசப்பும் உண்டு. 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதும், ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டம் செய்ததும் அவர் புகழுக்குரியவை. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும், 1953இல் கொணர்ந்த கல்வித் திட்டமும் தமிழ் மக்களிடையே பெரும் எதிர்ப்பைக் கிளப்பின. அக்கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று மக்கள் சாடினர். அதன் விளைவாகவே அவர் 1954இல் முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். பெரியோர் வரலாற்றில் நிறையை மட்டும் சொல்லிக் குறையை மறைத்தல் முறையன்று ஆதலின் இதனையும் குறித்தோம்.

இனி அமெரிக்காவைச் சற்று நோக்குவோம். ஆங்கிலேயரின் ஆதிக்கத்திலிருந்த 13 குடியேற்றங்கள் 1776இல் விடுதலை முழங்கிப் போரிட்டு வென்றன. 1787இல் அவை வகுத்த அரசியல் சட்டமே இன்றளவும் அந்நாட்டை நடத்தி வருகின்றது. மன்னனொருவனின் கொடுமையை அனுபவித்த அம்மக்கள், தம் தலைவர் மற்றொரு மன்னனாகிவிடக் கூடாது என்பதில் பெரிதும் கவலை கொண்டனர். ஆகவே அதிகாரத்தை மூன்றாகப் பகுத்தனர். செயலாற்றுபவர் ஜனாதிபதி, சட்டம் இயற்றுவது காங்கிரஸ் என்னும் பேரவை, முறை வழங்குவது உயர்நீதிமன்றுக்கும் மேலான தலைமை நீதிமன்று. பேரவையிலும் இரண்டு சபைகள் உண்டு. பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைக்கேற்ப இடங்கள். செனட் சபையில் சிறிதாயினும் பெரிதாயினும் மாநிலம் ஒன்றுக்கு இருவர்.

நம் நாட்டில் பிரதமர், மக்களவையின் நம்பிக்கையை இழந்தால் பதவியையும் இழப்பார். அமெரிக்க ஜனாதிபதிக்கு அந்நிலை இல்லை. நான்காண்டுக் காலம் அவர் அசைக்கப்படாமல் இருக்கலாம். எனினும் வெளிநாட்டோடு அவர் செய்யும் உடன்படிக்கை செல்லுபடியாக வேண்டுமாயின், செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும். முதல் உலகப்போருக்குப் பின் ஜனாதிபதி வில்சன் அரும்பாடுபட்டுச் சர்வதேச சங்கத்தை உருவாக்கினார். ஆனால் செனட் சபை வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையை ஏற்க மறுத்தமையால் அவருடைய நாடே அச்சங்கத்தில் சேரவில்லை. வெள்ளை மாளிகையில் இருப்பவர் நினைத்ததெல்லாம் நடந்துவிடும் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற்கொள்ள வேண்டும்.

தேர்தல் முறையும் நமக்குப் புதுமையானதே. மக்கள் இடும் வாக்கு நேரே ஜனாதிபதியைத் தெரிந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும், பேரவையின் இரு சபைகளிலும் அதற்குள்ள உறுப்பினர் எத்தனை பேரோ அத்தனை தேர்வாளர்கள் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில், கூடுதல் வாக்குப் பெற்றவர் அம்மாநிலத்துத் தேர்வாளர் அனைவரையும் அள்ளிக்கொள்வார். இதனால் நாடு முழுவதிலும் அதிக வாக்குப் பெற்றவர் தோற்பதும் உண்டு. 2000, 2016 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறே நிகழ்ந்தது. 1960இல் ஜான் கென்னடியும் ரிச்சர்டு நிக்ஸனும் போட்டியிட்டபொழுது இருவருக்குமிடையே மக்கள் வாக்கில் இருந்த வேறுபாடு ஒரு லட்சத்துச் சொச்சமே. தேர்வாளர் வாக்கில் கென்னடிக்கு 303, நிக்ஸனுக்கு 219. இந்த இருவரையுமே ராஜாஜி சந்தித்தார் என்பதுதான் நம் வரலாற்றின் சிறப்பு.

முதற் சந்திப்பு 1953இல் சென்னையில் நிகழ்ந்தது. அப்பொழுது நிக்ஸன் துணை ஜனாதிபதி; வயது 40. ஆசிய நாடுகளைச் சுற்றி வந்தவர் சென்னையில் முதலமைச்சர் ராஜாஜியைக் கண்டார். ராஜாஜிக்கு வயது 75ஐ எட்டிக்கொண்டிருந்தது. அணுகுண்டு மனித உள்ளத்தில் விளைக்கும் கேட்டினையும், ஊழ், மறுபிறப்பு முதலிய நம் நாட்டுக் கொள்கைகளையும் குறித்து அவர் உரையாடினார். அவ்வுரையாடல் தம் உள்ளத்தில் ஆழப் பதிந்து, பின்னாளில் தம் சொற்பொழிவுகளிலும் புகுந்தது என்பதனை நிக்ஸனே பிற்காலத்து நூலொன்றில் குறித்திருக்கின்றார்.

அணுகுண்டு எங்கோ வெடிப்பது, நமக்கென்ன என்று அக்காலத்தில் பலர் இருந்தனர். 1954 மார்ச் 1ஆம் நாள் பசிபிக் கடலிலுள்ள பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய சோதனையின் நச்சுத்தூள், தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின்மீது வீழ்ந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். ஒருவர் சில மாதங்களில் இறந்தார். காற்றுக்கும் மழைக்கும் எல்லை இல்லை. எங்கோ வெடித்ததன் நஞ்சு எவ்வூர்த் தாய்ப்பாலிலும் கலக்கலாம் என்னும் அச்சம் உலகெங்கும் பரவியது. பகைவர் இசைவரை காத்திராமல் அமெரிக்கா தானே முன்வந்து இவ்வாயுதத்தைத் துறக்க வேண்டும் என்று ராஜாஜி அக்காலத்திலேயே எழுதி வந்தார். பலர் அதனை முதியவர் ஒருவரின் கனவென்றே தள்ளினர்.

1958 முதல் சோதனைகள் சிறிது காலம் நின்றிருந்தன. 1961 செப்டம்பரில் சோவியத் ரஷ்யா மீண்டும் தொடங்கிற்று, அமெரிக்காவும் தொடர்ந்தது. 1962 ஜூன் மாதம் காந்தி அமைதி நிறுவனம் புதுடில்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு ஒன்றைக் கூட்டியது. அணுகுண்டு படைத்த நாடுகளுக்குத் தூதுக்குழுக்களை அனுப்புவதென முடிவாயிற்று. அமெரிக்கா செல்லும் குழுவுக்கு ராஜாஜி தலைவர், ஆர். ஆர். திவாகரும் பி. சிவராவும் உடன் சென்றனர். அப்பொழுது ராஜாஜிக்கு வயது 83. அதற்கு முன் மேலைநாடு எதற்கும் அவர் சென்றதில்லை. அரசாங்கப் பதவி எதுவும் அவரிடம் இல்லை. மாறாக, 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பிரதமர் நேருவை எதிர்த்து அரசியல் நடத்திக்கொண்டிருந்தார். கையில் படையோ பணமோ வாக்கோ இல்லாத ஒருவர், உலகின் பெருவல்லரசின் தலைவரைக் காணச் சென்றார்.

1962 செப்டம்பர் 28ஆம் நாள் வெள்ளை மாளிகையில் அச்சந்திப்பு நிகழ்ந்தது. கென்னடிக்கு வயது 45. அதாவது ராஜாஜி சேலம் நகரசபைத் தலைவரான ஆண்டில் பிறந்தவர். கென்னடிக்கு அது நெருக்கடியான நேரம். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்னும் கருநிற மாணவரைச் சேர்க்கக் கூடாதென்று அம்மாநிலத்தார் மூர்க்கமாக எதிர்த்து நின்றனர். லிங்கன் காலத்து உள்நாட்டுப் போர் முடிந்து, 1865இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்து, ஏறக்குறைய நூறாண்டு ஆகியும் அந்நாட்டில் நிறவேற்றுமை ஒழியவில்லை. இரண்டு நாள் கழித்து அங்கே கலகம் மூண்டு, மத்திய அரசு படை அனுப்ப நேர்ந்தது. அக்டோபர் 1ஆம் நாள்தான் மெரிடித் சேர முடிந்தது. ஆலயக் கதவுகளைத் திறக்கச் சட்டம் செய்த ராஜாஜியும், கல்விக்கூடத்தின் கதவைத் திறக்கப் படை அனுப்பிய கென்னடியும் அந்த வேளையில் எதிரெதிரே அமர்ந்திருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கின்றது.

இத்தனை சுமைக்கிடையிலும் அச்சந்திப்பு குறித்த நேரத்தைக் கடந்து நீண்டது. சோதனைகளை நிறுத்த வேண்டும் என்று ராஜாஜி வழக்காடினார். வழக்கறிஞரின் தெளிவும் துறவியின் எளிமையும் கலந்த அவர் பேச்சைக் கென்னடி மிகவும் மதித்தார். ஆயினும் அன்றே எதுவும் நடந்துவிடவில்லை. மண்ணுக்கடியில் நடக்கும் சோதனையைக் கண்டறிய நேரில் சென்று பார்வையிட வேண்டும் என்று அமெரிக்காவும், அது வேவு பார்ப்பதாகும் என்று ரஷ்யாவும் நெடுங்காலம் வாதிட்டு வந்தன. அன்றியும், செனட் சபை இசையாத உடன்படிக்கை வெறும் தாளே என்பதும் ஜனாதிபதி நன்கு அறிந்ததே.

அடுத்த மாதமே உலகம் அழிவின் விளிம்புக்குச் சென்று மீண்டது. கியூபாவில் ரஷ்யா அணு ஏவுகணைகளை நிறுத்தியிருப்பதைக் கென்னடி அக்டோபர் 22ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். 28ஆம் நாள் குருஷேவ் அவற்றை அகற்ற இசைந்தார். ராஜாஜி வெள்ளை மாளிகை சென்று சரியாக ஒரு மாதத்தில், அவர் அஞ்சியது நடக்கவிருந்து நின்றது.

1963 ஜூன் 10ஆம் நாள் கென்னடி ஒரு பல்கலைக்கழகத்தில் உரையாற்றுகையில், பிறர் செய்யாதவரை அமெரிக்கா வளிமண்டலத்தில் இனிச் சோதனை நடத்தாது என்று தாமாகவே அறிவித்தார். ஆகஸ்ட் 5ஆம் நாள் மாஸ்கோவில் அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன் மூன்றும் கையெழுத்திட்டன. வளியிலும் வான்வெளியிலும் நீரடியிலும் சோதனை கூடாதென்பது அவ்வுடன்படிக்கை. செப்டம்பர் 24ஆம் நாள் செனட் சபை 80க்கு 19 என்ற வாக்கில் அதனை ஏற்றது. நவம்பர் 22ஆம் நாள் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவ்வுடன்படிக்கை ராஜாஜியால்தான் வந்தது என்று நாம் உரிமை கொண்டாடவில்லை. கியூபா நெருக்கடியின் அச்சமும், பல நாட்டுத் தாய்மார்களும் அறிஞர்களும் எழுப்பிய குரலும், மூன்று அரசுகளின் கணக்கும் சேர்ந்தே அதனை விளைத்தன. ஆனால் ஒருவர் முதலில் தாமாக முன்வந்தால் மற்றவர் தொடர்வர் என்று ராஜாஜி எழுதி வந்த வழி, வெறுங்கனவன்று என்பதனை அந்த ஜூன் மாத அறிவிப்பு காட்டிற்று. மழை பெய்வதற்கு ஒரு துளி காரணமன்று. எனினும் துளியின்றி மழையும் இல்லை.

சொல்லின் ஆற்றலுக்கு எல்லை உண்டென்பதனையும் இவ்வரலாறு காட்டுகின்றது. சென்னையில் ராஜாஜியின் பேச்சைப் போற்றிய நிக்ஸன் 1969இல் ஜனாதிபதியானார். 1971 டிசம்பரில், வங்காள தேசப் போரின்போது வங்கக் கடலுக்குப் போர்க்கப்பல் அனுப்பி நம்மை அச்சுறுத்தியவரும் அவரே; 1972 மே மாதம் மாஸ்கோவில் அணு ஆயுதங்களுக்கு வரம்பு கட்டும் உடன்பாட்டில் கையெழுத்திட்டவரும் அவரே. ராஜாஜி 1972 டிசம்பர் 25ஆம் நாள், தமது 94ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். இரண்டாண்டுக்குள், 1974இல், நம் நாடே பொக்ரானில் அணுச் சோதனை நடத்திற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் நிக்ஸன், பேரவையும் நீதிமன்றமும் நெருக்க, பதவி துறந்தார். எல்லாச் சோதனைகளையும் தடுக்க 1996இல் எழுந்த உடன்படிக்கையைச் செனட் சபை 1999இல் ஏற்க மறுத்துவிட்டது. தலைவரைக் கட்டுப்படுத்தும் அதே சபை, நன்மையைத் தடுக்கவும் வல்லது.

ஊர்விட்டு வந்து, வேற்றுமொழி வழங்கும் மண்ணில் சிறு தொகையினராய் வாழும் நாம், நம் ஒரு சொல்லுக்கு என்ன மதிப்பு என்று சில வேளைகளில் தளர்வதுண்டு. பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு மனு எழுதவும், பள்ளியில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வேண்டுமெனக் கேட்கவும் தயங்குகிறோம். பதவியில்லாத 83 வயதினர் ஒருவர் கடல் கடந்து சென்று, கேட்க வேண்டியவரிடம், கேட்க வேண்டியதனைப் பண்புடன் கேட்டார். உடனே கிடைக்கவில்லை என்பதற்காகக் கேட்டது வீணாகிவிடவில்லை. நம் பிள்ளைகள் அமெரிக்கத் தேர்தலின் வெற்றி தோல்விகளைப் படித்து மகிழட்டும். அதனோடு, எவ்வளவு பெரிய மாளிகையாயினும் அதன் வாயிலில் நின்று நியாயம் கேட்கும் துணிவு தமிழர் ஒருவருக்கு இருந்தது என்பதனையும் அறிந்து வளரட்டும். மூதறிஞர் ராஜாஜியின் புகழ் வாழ்க!