கைவிளக்கு ஏந்திய காரிகை

இந்த மாதம் சான்றோர் வரலாறு எழுதும் முறை எனக்கு வந்தது. நான் எடுத்துக்கொண்டவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். ஏன் இவர் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முழுப்பரீட்சை லீவில் என் அம்மாச்சிக்குக் காலில் சர்க்கரைப் புண் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என் சித்தி அங்கேதான் நர்ஸ். ஒருநாள் அம்மாச்சி வலி தாங்காமல் சித்தியைப் பார்த்துக் கையை நீட்டியது. பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்குப் புண் துடைத்துக் கட்டுப் போட்டு முடித்த சித்தி, அந்தக் கையைப் பிடிக்கவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பெத்த தாயைத் தொடக்கூட இவ்வளவு அருவருப்பா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். சித்தி ஒன்றும் பேசவில்லை. கண் மட்டும் கலங்கியது.

அப்புறம்தான் நம் பள்ளி நூலகத்தில் இந்த அம்மையார் வரலாற்றைப் படித்தேன்.

இவர் 1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் தேதி இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். ஊர்ப் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள். பெற்றோர் இங்கிலாந்தில் பெரிய பணக்காரர்கள். அப்பாவே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். இவருக்குக் கணக்கு என்றால் உயிர். நர்ஸ் ஆகப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே சண்டை. அந்தக் காலத்தில் அங்கே அது மதிப்பில்லாத வேலை. இவர் விடவில்லை. 1851-ல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊருக்குப் போய் மூன்று மாதம் பயிற்சி எடுத்தார்.

அப்போது ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் கிரிமியப் போர் வந்தது. 1854-ல் துருக்கி பக்கம் இங்கிலாந்தும் சேர்ந்தது. அடிபட்ட சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றித் துருக்கியில் ஸ்குட்டாரி என்ற இடத்து ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வருடம் நவம்பரில் 38 நர்சுகளோடு பிளாரன்ஸ் அங்கே போய் இறங்கினார். மாற்றுத் துணி இல்லை, நல்ல சாப்பாடு இல்லை, எங்கு பார்த்தாலும் அழுக்கு. சமையலைச் சரிசெய்தார், துணி துவைக்க ஏற்பாடு செய்தார். ராத்திரியில் விளக்கோடு ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பார்த்தார். அதனால்தான் அவருக்கு மேலே உள்ள பெயர் வந்தது.

நமக்கு இதுவரைதான் தெரியும். இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

இவ்வளவு பாடுபட்டும் சாவு குறையவில்லை! 1855 பிப்ரவரியில் 100 பேர் சேர்ந்தால் ஏறத்தாழ 42 பேர் இறந்தார்கள். சரியான சாப்பாடு இல்லாமல், ரொம்ப முடியாத நிலையில் வந்து சேர்வதால்தான் சாகிறார்கள் என்று அவர் நினைத்தார். மார்ச் மாதம் சுகாதாரக் குழு ஒன்று வந்தது. கட்டடத்துக்கு அடியிலேயே சாக்கடை அடைத்துக் கிடந்தது. குடிதண்ணீர் வரும் வழியில் ஒரு குதிரை செத்துக் கிடந்தது. அதையெல்லாம் சுத்தம் செய்து காற்று வர வழி செய்தார்கள். ஜூன் மாதத்துக்குள் சாவு 100-க்கு 2 ஆகக் குறைந்துவிட்டது.

1856-ல் போர் முடிந்து திரும்பியபோது நாடே அவரைக் கொண்டாடியது. அவரோ வில்லியம் பார் என்ற புள்ளியியல் அறிஞரோடு சேர்ந்து இறந்தவர்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தார். காயத்தால் செத்தவர்கள் கொஞ்சம்தான். காலரா, பேதி, காய்ச்சல் என்று தடுக்கக்கூடிய நோயால் செத்தவர்களே அதிகம். தன் கண்ணெதிரே இருந்த காரணத்தைத் தானே கவனிக்கவில்லை என்று அவருக்குப் புரிந்தது. அதை அவர் மூடி மறைக்கவில்லை. அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். மாதத்துக்கு ஓர் இதழ் என்று பூ மாதிரி படம் வரைந்து, நோய்ச் சாவுக்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றதற்குக் கருப்பு கொடுத்தார். (பக்கத்தில் வரைந்திருக்கிறேன். நீலம் எவ்வளவு பெரிசு என்று பாருங்கள்.) 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அதில் அவரே முதல் பெண்.

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். நர்சுகள் ஒரு நாளில் பலமுறை கை கழுவ வேண்டும் என்று தன் புத்தகத்தில் எழுதினார். நோயில் படுத்த பிறகும் கட்டிலில் இருந்தபடியே எழுதிக்கொண்டிருந்தார். 1910 ஆகஸ்ட் 13-ல் தனது 90-ஆவது வயதில் காலமானார். அவர் பிறந்த நாள்தான் உலக செவிலியர் தினம்.

கை கழுவச் சொல்லி எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு ‘சுருக்’ என்றது. பக்கத்துக் கட்டில்காரரின் கிருமி அம்மாச்சி புண்ணுக்குப் போய்விடக் கூடாது என்றுதான் சித்தி கை கழுவியிருக்கிறார். அது அருவருப்பு இல்லை, பாசம். அம்மாச்சிக்கு இப்போது புண் ஆறிவிட்டது, நடக்கிறது. அவ்வளவு பெரிய அம்மையாரே தன் தப்பை ஒத்துக்கொண்டார், எனக்கு என்ன? இந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்கு வருகிறார். மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.

நண்பர்களே, சத்துணவு மணி அடித்ததும் தட்டோடு ஓடாமல் முதலில் குழாயடிக்குப் போங்கள். சோப்பு அங்கேதான் இருக்கிறது!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி