பல நீர் கலந்த ஆறு: மர்ஹூம் பி. ரம்லி அவர்களின் வாழ்க்கை



மார்க்க மேதைகளையும் வணிகப் பெருமக்களையும் பற்றி எழுத வேண்டிய இடத்தில் ஒரு பாடகரின் வரலாறு எதற்கு என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். இசையைப் பற்றி உலமாக்களிடையே நிலவும் கருத்து வேற்றுமைக்குள் நாம் இங்கே புகவில்லை. பல இனத்தார் கூடி வாழ்ந்த ஒரு துறைமுகப் பட்டணம் ஒரு மனிதரை எவ்வாறு உருவாக்கியது, அந்தப் பட்டணத்தை விட்டுப் பிரிந்தபின் அவர் என்ன ஆனார் என்பதை எண்ணிப் பார்ப்பதே நமது நோக்கம். பள்ளிக்கூடப் படிவத்தில் இனம் என்ற இடத்தைக் கண்டதும் பேனாவை ஒரு கணம் நிறுத்துகிற சமூகம் நமது சமூகம். ஆகையால் இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

ரம்லி அவர்கள் 1929ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22ஆம் தேதி பினாங்கில் பிறந்தார்கள். பெற்றோர் இட்ட பெயர் தெயுக்கு ஜக்கரியா. தகப்பனார் தெயுக்கு ஞா புத்தே, அச்சே நாட்டிலிருந்து கடலோடியாக வந்து பினாங்கில் தங்கியவர். தாயார் சே மா, கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த் பக்கத்தைச் சேர்ந்தவர். மேடையேறத் தொடங்கிய காலத்தில் தகப்பனார் பெயரான புத்தே என்பதன் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு பி. ரம்லி ஆனார்கள். தகப்பன் பெயரை முதலெழுத்தாக இடும் வழக்கமுடைய நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

அவர் வளர்ந்த பினாங்கும் கலப்பில் செழித்த ஊர்தான். மலாய் மக்களின் பங்சாவான் நாடகம் அங்கேதான் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து வந்த பார்ஸி நாடகக் குழுக்களைப் பார்த்து அதை உருவாக்கியவர்களில் ஜாவி பெரானக்கான் மக்களுக்கு, அதாவது நம்மவர் மலாய்க் குடும்பங்களில் சம்பந்தம் செய்து வந்த வழித்தோன்றல்களுக்கு, பெரும் பங்குண்டு. ஆகவே ரம்லி அவர்கள் ஏறிய மேடைக்குக் கால் நாட்டியவர்களில் நமது உறவினரும் உண்டு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அவர் படிப்பு குலைந்தது. ஜப்பானியர் நடத்திய பள்ளியிலே சேர்ந்தார். யுத்தம் முடிந்தபின் வயலினும் கித்தாரும் பயின்று, சிறு இசைக் குழுக்களில் பாடி வந்தார். 1947இல் மலாயா வானொலி பினாங்கில் நடத்திய பாட்டுப் போட்டியில் முதல் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டு புக்கிட் மெர்த்தாஜாமில் ஒரு விழாவில் அவர் பாடுவதைக் கேட்ட பி. எஸ். ராஜ்ஹன்ஸ் என்ற இந்திய டைரக்டர், சிங்கப்பூருக்கு வரும்படி அழைத்தார். 1948 ஆகஸ்டில், பத்தொன்பது வயது வாலிபராக, ரம்லி அவர்கள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள்.

அக்காலச் சிங்கப்பூரை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். இளையவர்கள் கேட்டாவது அறிந்திருப்பார்கள். 1957ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கே 14 லட்சத்து 45 ஆயிரம் மக்கள் இருந்தனர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் சீனர். மலாய்க்காரர் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினான்கு பேர். இந்தியர் ஒன்பது பேர். நியூ வேர்ல்ட், கிரேட் வேர்ல்ட், ஹேப்பி வேர்ல்ட் என்ற கேளிக்கைத் திடல்களில் ஒரு புறம் சீனக் கூத்து, ஒரு புறம் பங்சாவான், ஒரு புறம் ஜோகெட் ஆட்டம், இன்னொரு புறம் குத்துச்சண்டை என்று இரவெல்லாம் கூட்டம் நெரியும். கிளப்புகளில் பிலிப்பீனோ வாத்தியக்காரர்கள் ரும்பாவும் சச்சச்சாவும் வாசிப்பார்கள். கொட்டகைகளில் ஹிந்திப் படமும் தமிழ்ப் படமும் எகிப்துப் படமும் ஓடும். இத்தனையும் ஒரே வாலிபரின் காதில் விழுந்தன.

பாலஸ்டியர் ரோட்டை ஒட்டிய ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் மலாய் பிலிம் புரொடக்‌ஷன்ஸ் ஸ்டூடியோ இருந்தது. முதலாளிகள் சீனர், ஆரம்பத்தில் டைரக்டர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்டவர்கள், நடிகர்கள் மலாய்க்காரர். முதற்படமான 'சிந்தா'வில் ரம்லி அவர்களுக்குக் கிடைத்தது வில்லன் வேடமும் கதாநாயகனுக்குப் பின்னணி பாடும் வேலையுந்தான். 1950இல் 'பக்தி' என்ற படத்தில் அவரைக் கதாநாயகனாக்கி, அவர் குரலிலேயே பாடவும் வைத்தவர் எல். கிருஷ்ணன். இவர் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர். திறமையைக் கண்ட இடத்தில் இனம் பாராமல் இடங்கொடுத்த அச்செய்கையை நாம் மறத்தலாகாது.

1955இல் 'பெனாரேக் பேச்சா' என்ற படத்தைத் தாமே டைரக்ட் செய்தார்கள். ஏழை பேச்சாக்காரனுக்கும் செல்வர் வீட்டுப் பெண்ணுக்கும் ஏற்பட்ட நேசத்தின் கதை அது. 1956இல் 'ஹங் துவா' படத்தின் இசைக்காக ஹாங்காங்கில் நடந்த ஆசியப் படவிழாவில் பரிசு கிடைத்தது. 'அனாக்கு சசாலி'யில் தகப்பனும் மகனுமாக இருவேடத்தில் நடித்ததற்கு, 1957இல் டோக்கியோ விழாவில் சிறந்த நடிகர் என்ற விருது வந்தது. 'பூஜாங் லாப்போக்' வரிசை நகைச்சுவைப் படங்களை இன்றும் எல்லா இனத்தாரும் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அவர் பாட்டுகளைக் கூர்ந்து கேட்போமானால் ஜோகெட்டின் துள்ளலும், குரோஞ்சோங்கின் இழைவும், அரபு வாத்தியத்தின் சாயலும், ஹிந்திப் படத்தின் உருக்கமும், ரும்பாவின் தாளமும் அங்கங்கே தெரியும். ஆயினும் கேட்பவர் எவரும் அதை மலாய்ப் பாட்டென்றே சொல்வர். அவ்வாறு சொல்வது சரியுமாகும். நமது கடைச் சரக்கைப் போன்றதே இதுவும். ஏலமும் கிராம்பும் மல்லியும் வெவ்வேறு கரையிலிருந்து வந்தாலும், அரைத்துக் குழம்பில் இட்டபின் அது அந்த வீட்டுச் சமையல்தானே. வந்த வழியை மறைக்கவும் வேண்டியதில்லை. வந்த வழியைக் காட்டி அந்நியமென்று தள்ளவும் வேண்டியதில்லை.

1962இல் வந்த 'இபு மெர்துவாக்கு' படத்தில், வாத்தியக்காரன் தனக்கு மருமகனாகலாகாது என்று வெறுக்கும் ஒரு செல்வச் சீமாட்டியைக் காட்டினார்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நடக்கும் அக்கதையில் பாடகன் கண்ணிழந்து அலைகிறான். கலைஞனைக் கேட்டு மகிழ்ந்துவிட்டு வீட்டு வாசலில் நிறுத்திவிடும் சமூகத்தின் குணத்தை அவர் அறிந்தே இருந்தார்.

அந்த அனுபவம் அவருக்கே வந்தது. 1963 முதல் இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலால் மலாய்ப் படங்களுக்கு அந்தச் சந்தை அடைபட்டது. அதே ஆண்டில் டெலிவிஷனும் வந்தது. 1964இல் அவர் கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டூடியோவுக்குச் சென்றார். மறு ஆண்டே சிங்கப்பூர் தனி நாடாயிற்று. 1967இல் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோ மூடப்பட்டது. புதிய இடத்தில் வசதி குறைவு. சுற்றிப் பழகிய வாத்தியக்காரரும் தொழில் வல்லோரும் உடன் இல்லை. வண்ணப் படங்களும் கித்தார்க் குழுக்களும் வந்த காலத்தில், அவர் பழையவராகி விட்டார் என்று பேசியவர்கள் பலர்.

ஆயினும் 1968இல் 'கெரிமிஸ்' என்ற படத்தை எடுத்தார்கள். மலாய் வாலிபனும் இந்திய நடனப் பெண்ணும் மணந்து, இரு வீட்டாராலும் ஒதுக்கப்படும் கதை. 1969 மே மாதக் கலவரத்துக்கு முந்திய ஆண்டிலேயே அதை எடுக்கத் துணிந்தது அவர் உள்ளத்தைக் காட்டும்.

1973ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் தேதி, மாரடைப்பால் தமது 44ஆம் வயதில் வபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கடைசி ஆண்டுகளில் கையில் பொருளும் இல்லை, கேட்பாரும் அதிகம் இல்லை. அறுபதுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தவர். அவற்றின் உரிமையோ கம்பெனிகளிடம் இருந்தது. அவர் கபர் கோலாலம்பூர் ஜாலான் அம்பாங் மையவாடியில் இருக்கிறது. மனைவி சலோமாவும் 1983இல் அங்கேயே அடக்கமானார். பிறகு வீதிகளுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாயிற்று. 1990இல் தான் ஸ்ரீ பட்டமும் வந்தது, பதினேழு ஆண்டு தாமதமாக.

வியாபாரிகளாகிய நாம், கொடுக்க வேண்டியதைத் தவணை கடந்து கொடுப்பது எத்தகைய குற்றம் என்பதை அறிவோம். நம்மிடையே வாழும் கவிஞர், பாடகர், ஆசிரியர் எவராயினும், உயிரோடிருக்கும்போதே அவருக்குரிய மரியாதையும் ஊதியமும் சேரச் செய்வது நமது கடன். நமது பிள்ளைகள், தமிழ் பேசி, மலாய் பேசி, ஒரே கிப்லாவை நோக்கித் தொழுது, தாங்கள் யார் என்று நம்மைக் கேட்கும்போது, அச்சே நாட்டுக் கடலோடியின் மகன் மலாய் மக்களின் குரலாகிய இவ்வரலாற்றைச் சொல்லிக் கொடுப்போமாக. எல்லாம் வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்செயல்களை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.