கடன் தீர்த்த மகரிஷி

மகாகவி இரவீந்திரநாத் தாகூரின் தந்தையார் தேவேந்திரநாதர் (1817–1905) பெருஞ்செல்வத்தில் வளர்ந்தவர். அவருடைய தந்தை துவாரகநாதர் 1846-இல் இலண்டனில் காலமானார். ஈராண்டுகளுக்குள் குடும்பத்தின் கார்–தாகூர் வணிக நிறுவனம் நொடித்தது. கடன் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய்.

துவாரகநாதர் டிரஸ்ட் எழுதிவைத்த நிலங்களில் கடன் கொடுத்தோர் கைவைக்கச் சட்டம் இடந்தரவில்லை. தேவேந்திரநாதரோ அவற்றையும் அவர்கள்முன் வைத்தார். அவர்கள் நெகிழ்ந்து அவகாசம் அளித்தனர்.

யாவும் இழக்கத் துணிந்த அன்று அவருள்ளம் இலேசாயிற்று. அந்த நிம்மதி நிலைக்கவில்லை. குதிரை வண்டிகளை விற்று, ஊழியரைக் குறைத்து, எளிய உணவு உண்டும் கடன் விரைவில் கரையவில்லை. தம்பியரின் கடனும் சேர்ந்தது. சோர்ந்த மனத்துடன் 1856-இல் இமயம் நாடினார். தெளிவு பெற்று மீண்டார்.

பல்லாண்டு முயன்று கடனைத் தீர்த்தார். தந்தை தருமத்திற்கு வாக்களித்திருந்த ஒரு இலட்சம் ரூபாயையும் வட்டியுடன் செலுத்தினார். கொடுத்த வாக்கும் கடனே என்பது அவர் வாழ்ந்து காட்டிய நெறி.