சட்டாம்பிள்ளையும் பெல் துரையும்

நம்ம கல்லூரியை விட்டு வெளியே வந்ததும் வருசநாட்டு மலையடிவாரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வாத்தியார் வேலை. அஞ்சு வகுப்புக்கும் நான் ஒருத்தன்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அடுத்த வாரத்து இங்கிலீஷ் பாடத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தால் தலை சுற்றும். மூணாம் வகுப்பை வாசிக்க வைத்தால் ஒண்ணாம் வகுப்பு தூங்கிவிடும். அப்போது எனக்குக் கை கொடுத்தவர் ஆண்ட்ரூ பெல்.

1753-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசில் பிறந்த பாதிரியார் அவர். 1787-ல் இந்தியா வந்தார். 1789-ல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை ஏற்றார். நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தவர், தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இசையவில்லை. எட்டு வயது ஜான் ஃப்ரிஸ்கனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பையன் சாதித்துக் காட்டினான்.

1796-ல் சென்னையை விட்டவர், மறு வருஷமே அதைப் புத்தகமாக்கினார். 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தெங்கும் பரவியது. திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைதான் அங்கே 'மானிட்டர்'! 1832-ல் பெல் மறைந்தார். அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றே பெயர்.

நானும் திட்டத்தை மாற்றினேன். திங்கள், செவ்வாய் அஞ்சாம் வகுப்புக்கு நான் கதை வாசிப்பேன். புதன், வியாழன் அவர்கள் சின்னதுகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லித் தருவார்கள். வெள்ளிக்கிழமை எல்லாரையும் நானே கேட்பேன். அதை மட்டும் யாரிடமும் விடவில்லை. விட்டால் வெறும் மனப்பாடம்தான் மிஞ்சும்.

வாசிக்கவே கூசிய ஒரு அஞ்சாம் வகுப்புப் பிள்ளை, தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தே வாசிக்கக் கற்றது. ஆசிரியராகப் போகும் தம்பி தங்கைகளே, இதை மறக்காதீங்க.