பாலர் வகுப்புக்கு வித்திட்ட புரோபல்

சதுரத்தின் மேல் முக்கோணம் வைத்தால் வீடு. பெரிய வட்டத்தின் மேல் சின்ன வட்டம் வைத்தால் பூனை. பாலர் வகுப்பில் நாம் இப்படித்தான் சித்திரம் பழகினோம். இவ்வகைக் கற்பித்தலுக்குப் பாதை அமைத்தவர்களுள் ஒருவர் ஜேர்மானிய ஆசான் பிரெட்ரிக் புரோபல்.

1782 ஏப்ரல் 21 இல் தூரிங்கியாவின் மலைக்கிராமம் ஒன்றில் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், ஒரு வயது நிறையுமுன்னே தாயை இழந்தார். காடு பராமரிக்கும் தொழில் பழகி, யெனாவில் கற்று, 1805 இல் பிராங்போர்ட்டில் ஆசிரியரானார். பின்னர் சுவிற்சர்லாந்தில் பெஸ்டலோசியிடம் ஈராண்டுகள் தங்கினார். கோடு, கோணம், வளைவு என்று சித்திரத்தைப் படிப்படியாகக் கற்பிக்கும் முறை அங்கிருந்தது. அதன்பின் பேர்லினில் பளிங்குகளை ஆராய்ந்தபோது, எளிய வடிவங்களிலேயே இயற்கையின் ஒழுங்கைக் கண்டார்.

1837 இல் பிளாங்கன்பேர்க்கில் சிறுவர்க்கெனப் பந்து, உருளை, கனசதுரம் முதலிய விளையாட்டுப் பொருள்களை உருவாக்கினார். 1840 இல் தம் நிலையத்துக்குச் சிறுவர் தோட்டம் எனப் பொருள்படும் 'கிண்டர்கார்டன்' என்ற பெயரைச் சூட்டினார். சதுரக் கட்டங்கள் கீறிய சிலேட்டிலே பிள்ளை முதலில் ஒரு கட்ட நீளத்துக்கு நேர்கோடு வரையும், பிறகு இரண்டு, மூன்று கட்டங்கள், பின்னர் சாய்கோடு, முடிவில் தானே கற்பனை செய்த கோலம். கட்டங்கள் பிள்ளையின் கையைக் கட்டிவிடும் என்று பிற்காலத்தவர் குறை கூறியதுமுண்டு.

1851 ஓகஸ்டில் பிரஷ்ய அரசு, நாத்திகம் வளர்ப்பதாகக் கூறிச் சிறுவர் தோட்டங்களைத் தடைசெய்தது. சகோதரரின் மகன் கார்லின் எழுத்துக்களை இவருடையவையாகக் கருதியதும் அதற்கு ஒரு காரணம். போதகரின் மகனுக்கு இது பேரிடியாயிற்று. தடை நீங்குவதைக் காணாமலே 1852 யூன் 21 இல் அவர் மறைந்தார். 1860 இல்தான் அது நீங்கியது.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால், அவரிடம் கற்ற பெண்கள் அப்பணியைக் கடல் கடந்து கொண்டு சென்றனர். 1856 இல் அமெரிக்காவில் முதலாவது ஜேர்மன் மொழிச் சிறுவர் தோட்டத்தைத் தொடங்கிய மார்கரெட் ஷூர்ஸ் அவர்களுள் ஒருவர். ஆசானின் கல்லறையில் கனசதுரமும் உருளையும் கோளமும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன.

மருத்துவத்திலும் இவ்வடிவங்கள் நமக்கு உதவுகின்றன. பொதுவாகப் பிள்ளை மூன்று வயதளவில் வட்டத்தையும், நான்கில் சதுரத்தையும், ஐந்தில் முக்கோணத்தையும் பார்த்து வரையும். மூன்று வயதில் எழுத்து வரவில்லையே என்று கலங்கி வரும் தாய்மாரிடம் நாம் இதையே சொல்கிறோம். சகோதரிகளே, உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ கோணலான வட்டம் ஒன்றை நீட்டினால், திருத்த அவசரப்படாதீர்கள். அருகில் இருந்து இன்னொரு வட்டம் வரையுங்கள்.